மலைக்குடி இளைஞரும் நகரத்து வீடும்

கணியூரில் எங்கள் வீட்டு மாடியில் நின்று தெற்கே நோக்கினால், கரும்பு வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அப்பால் ஆனைமலைத் தொடர் நீல நிறமாய்த் தோன்றும். மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் அம் மலையின் மடிப்புகளைக்கூட எண்ணிவிடலாம். அம் மடிப்புகளுக்குள்ளே தளிஞ்சி, மஞ்சம்பட்டி, குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, கோடந்தூர் முதலிய சிற்றூர்கள் இருக்கின்றன. முதுவரும் புலையரும் அங்கே வாழ்கின்றனர். நோயாளி ஒருவரைக் கீழே கொண்டுவர வேண்டுமானால் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறங்கிய ஊர்கள் அவற்றுள் உண்டு. வடக்கே திரும்பினால் கண்ணுக்குத் தோன்றாத தொலைவில் திருப்பூர் இருக்கிறது. 1925ஆம் ஆண்டளவில் ஒரு சிறு பின்னலாடைக் கூடத்தோடு தொடங்கி, 1970களின் இறுதியிலிருந்து கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் பனியன் அனுப்பும் நகரமாக வளர்ந்துவிட்ட ஊர் அது. அம் மலைக்கும் இந் நகருக்கும் இடையே, அமராவதியின் நீர் பாயும் வயல்களின் நடுவில், எங்கள் ஊர் கிடக்கிறது. மலையிலிருந்து இறங்குவோரையும், சில நாளில் திரும்பி ஏறுவோரையும் பார்த்துக்கொண்டே நாங்கள் வாழ்கிறோம்.

மலையை விட்டு நகரத்திற்கு வரும் பழங்குடி இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் அங்கே யார் துணை? இவ் வினாவுக்கு வரலாறு தந்துள்ள விடைகளையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

மாணவ நண்பர்களே, பழங்குடியினர் என்றவுடன் உங்கள் மனத்தில் எழும் படம் எது? தேனெடுப்பவர், மூங்கில் வெட்டுபவர், காட்டு வழியில் நடப்பவர். பாடநூல்கள் அப் படத்தையே வரைந்து தந்தன. அது பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்குப்படி இந்தியாவில் அட்டவணைப் பழங்குடியினர் 10 கோடியே 43 இலட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர், அதாவது ஒரு கோடிக்கு மேற்பட்டோர், நகரங்களில் வாழ்ந்தனர். நம் மாநிலத்தில் பழங்குடியினர் தொகையே எட்டு இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. நாட்டின் நகரங்களில் மட்டும் வாழும் பழங்குடியினர் அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் என்றால், இதை ஒரு சிறு செய்தியாகத் தள்ளிவிட இயலுமா?

எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தபோது மலையூர் ஒன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. அவனுக்குக் கட்டணம் இல்லை, விடுதியில் உணவு உண்டு, உதவித்தொகையும் உண்டு. குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு நாள் அவன் தந்தைக்கு உடல்நலம் கெட்டதென்று செய்தி வந்தது. அவன் போனான், ஒரு மாதம் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே நாள்தோறும் கோடிட்டவர்களுள் நானும் ஒருவன். பிறகு அப் பெயர் நீக்கப்பட்டது. ஏன் வரவில்லை என்று ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேட்க எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் அவனே என்னை அடையாளம் கண்டு வணங்கினான். "என்ன தம்பி, ஏன் திரும்பி வரவே இல்லை?" என்றேன். "வந்தேன் ஐயா. பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை; போய்விட்டேன்" என்றான். சினம் சிறிதும் இல்லாமல் இதைச் சொன்னான். அதுதான் என்னை வருத்தியது. கட்டணம், கட்டில், சோறு எல்லாவற்றையும் கணக்கிட்ட நாங்கள், 'யாரைக் கேட்பது' என்பதைக் கணக்கிடவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். நம் நாட்டில் பழங்குடி மக்களை ஓரிடத்தில் தங்கவைத்து வேலை கொடுக்கும் முயற்சி அன்பினால் தொடங்கவில்லை, ஐயத்தினால் தொடங்கிற்று. 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. பிறப்பினாலேயே சில குலத்தாரைக் குற்றவாளிகள் என்று கருதிய சட்டம் அது. 1911இல் திருத்தப்பெற்ற பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யப்பட்டவர்கள் குறித்த வேளையில் காவலர்முன் தங்கள் இருப்பைக் காட்ட வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊர் தாண்டலாகாது. இவர்களுக்காகக் குடியிருப்புகள் அமைக்கப்பெற்றன. 1913இல் இரட்சணிய சேனையார் பொறுப்பில் எழுந்த ஸ்டூவர்ட்டுபுரம் அவற்றுள் ஒன்று. இன்று அது ஆந்திர நாட்டில் உள்ளது. அங்கே குடியமர்த்தப்பட்ட எருகுலர் பலர் பக்கத்துச் சீராலையில் இருந்த புகையிலைத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். பள்ளியும் மருத்துவமும் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக் கதவின் திறவுகோல் வீட்டில் இருப்பவரிடம் இல்லை. ஆலைக்கு ஆள் வேண்டும். அரசுக்கு அமைதி வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் முடித்துக்கொண்டார்கள். சென்னை மாகாணம் இச் சட்டத்தை 1947இல் நீக்கியது. நாடு முழுவதும் நீங்கியது 1952இல்.

இதற்கு முற்றிலும் வேறான எண்ணத்தோடு வந்தவர் தக்கர் பாபா எனப்படும் அமிர்தலால் தக்கர். 1869இல் பாவநகரில் பிறந்த அவர் பொறியியல் கற்று நல்ல பதவிகளில் இருந்தவர்; 1914இல் வேலையை விட்டு இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1922இல் குசராத்தின் தாகோதுவில் பில் மக்களுக்காகப் பில் சேவா மண்டலத்தைத் தொடங்கினார். 1948இல் பாரதிய ஆதிமசாதி சேவக் சங்கம் தோன்றியதற்கும் அவரே காரணர். இராசேந்திர பிரசாத் அதன் தலைவராக இருந்தார். காட்டுக்கு நடுவிலே பள்ளியும் விடுதியும் அமைத்து, ஊழியர் அங்கேயே குழந்தைகளோடு தங்குவது தக்கர் பாபாவின் முறை. நம் மாநிலத்தில் முந்நூற்றுக்கு மேற்பட்டு நடைபெறும் அரசு பழங்குடியினர் உண்டுறைவிடப் பள்ளிகளைப் பார்க்கும்போது அவருடைய வழியே எனக்கு நினைவு வரும்.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, பழங்குடியினரின் கல்வி நலனையும் பொருளாதார நலனையும் தனிக் கவனத்தோடு வளர்க்க வேண்டும் என்று 46ஆம் பிரிவில் அரசுக்குக் கட்டளையிட்டது. பள்ளி இறுதிக்குப் பிந்தைய உதவித்தொகையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே பழங்குடி மாணவர்க்குக் கிடைத்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிடுவோர் நன்றி மறந்தோர் ஆவர். கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறை இவற்றால் வந்தது.

ஆயினும் இவ் வுதவிகளுக்கெல்லாம் ஒரு பொதுத் தன்மை உண்டு. மாணவனாக இருக்கும் வரையில்தான் அவை கைகொடுக்கும். தேர்வில் தவறியவனுக்கு விடுதி இல்லை. படிப்பை முடித்து வேலை தேடுபவனுக்கும் இல்லை. படியாமலே நகருக்கு வந்தவனுக்குத் தொடக்கத்திலிருந்தே இல்லை. சான்றிதழ்த் தொல்லை வேறு. எங்கள் பக்கத்து மலைகளில் வாழும் புலையர் காட்டோடு காடாக வாழ்பவர். ஆனால் அவர்கள் அட்டவணைப் பழங்குடியினருள் எண்ணப்படாமல் அட்டவணைச் சாதியினருள் எண்ணப்படுகின்றனர். தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். ஒரே காட்டுப் பகுதியிலிருந்து இறங்கும் இரண்டு பையன்களுள் ஒருவனுக்கு ஒரு வரிசை, மற்றவனுக்கு வேறு வரிசை. வரிசை மாறி நின்றுவிட்டால் அன்றைய பொழுது போயிற்று.

பிற நாடுகளில் இத்தகைய இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்று தேடியபோது, நியூசிலாந்தின் செய்தி ஒன்று என் உள்ளத்தைக் கவர்ந்தது. அந் நாட்டின் பழங்குடியினர் மவோரியர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அவர்களுள் ஐவரில் நால்வருக்கு மேல் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தனர். 1980களின் நடுப்பகுதியிலோ ஐவரில் நால்வர் நகரத்தார். அரை நூற்றாண்டிலேயே ஓர் இனம் முழுவதும் வீடு மாறிவிட்டது எனலாம். அம் மாற்றத்தின் தொடக்கத்திலே, 1937இல், தலைநகராகிய வெலிங்டனில் வேலைக்காக வந்திருந்த மவோரி இளைஞர்கள் ஒரு மன்றம் அமைத்தார்கள். மவோரியருக்குக் குலப்பெயர் உயிர்போன்றது. பல குலப்பெயர்கள் 'ங்காத்தி' என்ற சொல்லோடு தொடங்கும். வெலிங்டன் துறைமுகத்துக்கு மவோரி மொழியில் 'போனெக்கே' என்று பெயர். பல குலத்திலிருந்தும் வந்த அவ் விளைஞர்கள் தங்கள் மன்றத்துக்கு 'ங்காத்தி போனெக்கே' என்று பெயரிட்டார்கள். 'இத் துறைமுக நகரத்துக் குலத்தார்' என்பது அதன் கருத்து. குலத்தை விட்டு வந்தோம் என்று அவர்கள் அழவில்லை. நகரத்திலே ஒரு புதிய குலத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். கூடிப் பாடினார்கள், ஆடினார்கள், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களை அழைத்து உட்காரவைத்தார்கள். ஆக்லாந்து நகரிலும் 1940களின் இறுதியில், போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பண்டகசாலை ஒன்று மவோரியரின் கூடுமிடமாக மாறிற்று.

வட அமெரிக்காவில் நடந்தது வேறு. ஐக்கிய நாடுகளின் அரசு 1952 முதல் செவ்விந்திய இளைஞர்களைத் தங்கள் நிலப்பகுதிகளை விட்டு நகரங்களுக்குப் பெயர்க்கும் திட்டத்தை முனைந்து நடத்திற்று. 1956இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. அவர்கள் கையில் ஒரு வழிப் பயணச்சீட்டைக் கொடுத்தனுப்பினார்கள். திரும்பும் சீட்டு இல்லை! சிகாகோவிலும் ஓக்லாந்திலும் இறங்கிய இளைஞருக்கு முதற் சில வாரங்கள் படியளந்தபின் அலுவலகம் தன் கடமை முடிந்ததாகக் கருதியது. அப்போது சிகாகோவில் 1953இலும், ஓக்லாந்தில் 1955இலும் எல்லாக் குலத்தாரும் வந்து கூடும் இல்லங்கள் தோன்றின. ஓக்லாந்து இல்லத்திற்குக் குவேக்கர் என்னும் சமயத்தார் துணை நின்றனர்.

கனடாவில் இதற்கு 'நட்பு நிலையம்' என்று பெயர். வின்னிப்பெகு நகரில் 1959இல் முதல் நிலையம் திறக்கப்பெற்றது. பெயர் எவ்வளவு எளியது, பாருங்கள்! உதவி நிலையம் என்று வைக்கவில்லை. சீர்திருத்த நிலையம் என்றும் வைக்கவில்லை. வருபவர் கேட்கும் கேள்விகளும் எளியவையே. வாடகைக்கு அறை எங்கே கிடைக்கும்? எந்த மருத்துவமனைக்குப் போவது? வேலைக்கு யாரைப் பார்ப்பது? விடை தெரிந்தவர் அங்கே இருந்தார். ஒரு குவளைத் தேநீரும் இருந்தது. 1972இல் இந் நிலையங்கள் ஒன்றுகூடித் தேசியச் சங்கம் அமைத்தன. அவ்வாண்டிலேயே கனடிய அரசு இவற்றுக்கெனப் பொருளுதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இன்று அந் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நட்பு நிலையங்கள் உள்ளன. இளைஞர்கள் முதலில் கூடினார்கள். அரசு பிறகு வந்து பணம் தந்தது. இம் முறை தலைகீழாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு கட்டடமும் ஒரு காவலாளியும் இருந்திருப்பார்கள்.

கடல் கடந்துதான் சான்று தேட வேண்டுமோ என்றால், வேண்டுவதில்லை. நீலகிரியின் கோத்தகிரியில் 1958இல் மருத்துவர் எஸ். நரசிம்மன் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தைத் தொடங்கி நெடுங்காலம் தொண்டு புரிந்தார். அதே மாவட்டத்தின் கூடலூரில் நடந்ததையே நான் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கூடலூர், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலை நகரம். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என ஐந்து குடியினர் அதைச் சுற்றிலும் வாழ்கின்றனர். முன்பு அவர்களுடையதாய் இருந்த நிலத்தில் தோட்டங்கள் வந்தன. பிழைப்புத் தேடிக் குடியேறியோர் வந்தனர். பணியர் பலர் பிறர் நிலத்தில் கூலிகளாயினர். கடைத்தெருவுக்கு வந்தால் ஒதுங்கி நிற்பதே வழக்கமாயிற்று. 1980களின் நடுவில் ஸ்டான் தெக்கேக்கராவும் அவர் மனைவி மரி தெக்கேக்கராவும் 'அக்கார்டு' என்ற அமைப்பைத் தொடங்கி அங்கே பணியாற்றலாயினர். அவர்கள் முதலில் கட்டடம் கட்டவில்லை. ஊர்தோறும் மக்களைக் கூட்டிச் சங்கம் அமைக்கச் செய்தார்கள். அச் சங்கங்கள் இணைந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாயின. 1988 டிசம்பர் 5ஆம் நாள் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர்த் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். ஒதுங்கி நடந்தவர்கள் நடுத்தெருவில் நடந்த நாள் அது.

அதன் பின் நடந்தவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1990இல் அசுவினி என்ற அமைப்பின் கீழ் ஆதிவாசி மருத்துவமனை தோன்றியது. வெளியிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். ஆனால் செவிலியராக ஆதிவாசிப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். நோயோடு வரும் மூதாட்டி தன் மொழியிலேயே தன் நோவைச் சொல்லலாம். 1992இல் எல்லாரும் சிறு தொகை செலுத்தும் மருத்துவக் காப்பீட்டு முறை வந்தது. இராமதாசும் இரமா சாஸ்திரியும் நடத்திய வித்யோதயா பள்ளி 1990களின் நடுவில் ஆதிவாசிக் குழந்தைகளுக்கான பள்ளியாக மாறிற்று. அவ் வினத்து இளைஞர்களே பயிற்சி பெற்று ஆசிரியராயினர். 1998இல் ஒரு தேயிலைத் தோட்டத்தையே மக்கள் தங்கள் பொதுவுடைமையாக வாங்கினார்கள். வட்டாரந்தோறும் ஒரு நடு இடம் அமைந்தது. அங்கே தங்கள் இனத்தவர் ஒருவர் இருப்பார். பள்ளியை விட்டு நின்றுவிட்ட பையன், சான்றிதழ் வேண்டும் பெண், மருத்துவமனைக்குப் போக அஞ்சும் கிழவர், எவரும் அங்கே சென்று கேட்கலாம். நான் 'யாரைக் கேட்பது' என்று சொன்னேன் அல்லவா? அதற்கான விடை கூடலூரில் ஒரு மனிதராக நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. எல்லாத் துயரும் அங்கே தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நிலச் சிக்கல் தீரவில்லை. குடியும் நோயும் நீங்கவில்லை. எனினும் கேட்கப் போகும் வழி தெரியும்.

இப்போது திருப்பூருக்குத் திரும்புவோம். இன்று அந் நகரத்துக்கு வருவோர் நம் மலையிலிருந்து இறங்கும் சிலர் மட்டும் அல்லர். ஒடிசா, சார்க்கண்டு மாநிலங்களிலிருந்தும் பழங்குடி இளைஞரும் இளம்பெண்களும் வருகின்றனர். 2014இல் தொடங்கிய கிராமப்புற இளைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியாகத் தையல் பழகி வந்தோரும் அவர்களுள் உண்டு. சில மாதங்கள் பயிற்சி, பிறகு இரயிலேறி இரண்டு நாட் பயணம், தெரியாத மொழி. பெரிய ஆலைகள் தங்கள் வளாகத்திலேயே விடுதி வைத்திருக்கின்றன. அவற்றுள் தூய்மையானவையும் உண்டு, நல்லுணவு தருபவையும் உண்டு. ஆனால் ஆலை வேலையை விட்டால் அறையையும் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெளியே செல்ல ஒப்புதல் கேட்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஸ்டூவர்ட்டுபுரத்தையும் இதையும் ஒன்றென்று சொல்வது அநியாயம். சட்டம் வேறு, காலம் வேறு, கூலியும் வேறு. திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் இரண்டு இடத்திலும் கேட்கலாம். 2020இல் ஊரடங்கு வந்தபோது ஆலைகள் நின்றன. வெளி மாநிலத்தார் ஊர் திரும்ப இரயிலுக்குக் காத்து நின்றார்கள். ஊர்ப் பெயர் அறிந்து பேச ஒருவர் இருந்திருந்தால் அக் காத்திருப்பின் அச்சத்திற் பாதி குறைந்திருக்கும்.

பேருந்து நிலையத்தில் என்னைக் கண்ட பழைய மாணவன் அன்று என்னை விடவில்லை. "அறை பக்கத்தில்தான் ஐயா, வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்துச் சென்றான். ஒரு சந்தில் ஓட்டுக் கூரை அறை. ஐவர் சேர்ந்து வாடகை கொடுக்கிறார்கள். கைமடிக்கும் வேலையில் தொடங்கி அப்போது அவன் தையற்காரனாகியிருந்தான்; மற்றவர்களுள் ஒருவன் துணி வெட்டுபவன், ஒருவன் தேய்ப்புக்காரன். சுவரோரம் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. எண்ணினேன், எட்டுப் பாய்கள். "ஐவருக்கு எட்டுப் பாயா?" என்று கேட்டேன். "மலையிலிருந்து யாராவது வருவார்கள் ஐயா. முதல் மாதம் இங்கேதான் இருப்பார்கள். எங்கே வேலை, எந்த மேஸ்திரி நல்லவர், பணம் எப்படி அனுப்புவது, எல்லாம் சொல்லி அனுப்புவோம். தேர்வு எழுத வருகிறவர்களும் தங்குவார்கள்" என்றான்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் தொங்கிற்று. எடுத்துப் பார்த்தேன். யார் எந்த நாள் ஊருக்குப் போனார், எதற்காகப் போனார், எப்போது திரும்ப வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. சில பெயர்களின் எதிரே, 'வரவில்லை, ஆள் அனுப்பிக் கேட்டாயிற்று' என்று பென்சிலில் குறித்திருந்தார்கள். நான் பதிவேட்டில் இட்ட கோடுகள் எனக்கு நினைவு வந்தன. காப்பியைக் குடித்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு எழுந்தேன். அவன் நிலையம் வரையில் உடன் வந்தான். மறுநாள் குழிப்பட்டியிலிருந்து வரும் இரண்டு பேருக்குப் பாய் ஒன்று குறைகிறது என்று சொல்லி, வழியிலிருந்த கடையில் ஒன்று வாங்கிக்கொண்டான்.